‘ஒரு வாரத்துல சொல்றோம்’: கணக்கு உதவியாளர் தேர்வும் நடுவில் வந்த போன்களும் – ஒரு நிகழ்வு ஆய்வு

வேலைக்கு விண்ணப்பித்தவர் நிறுவனத்துக்குப் போன் செய்து விசாரிக்கலாமா, கூடாதா? வேலை தேடும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கூப்பிட்டால் அலைகிறோம் என்று நினைப்பார்களோ என ஒரு பயம், கூப்பிடாவிட்டால் அக்கறை இல்லை என்று நினைப்பார்களோ என இன்னொரு பயம். வீட்டில் அப்பா ஒன்று சொல்வார், கூடப் படித்தவர்கள் வேறொன்று சொல்வார்கள்.

கோவையில் ஒரு நிறுவனம் ஆள் எடுத்தபோது நடந்ததை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். அந்த நிறுவனத்துக்குப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலைகளைப் பார்த்துக் கொடுப்பவன் நான். ஆள் தேர்வின்போதும் உடன் உட்காருவேன். அதனால் இரண்டு பக்கமும் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வாய்த்தது. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

கணபதி பகுதியில் உள்ள, மோட்டார் பம்பு தயாரிக்கும் ஒரு கூட்டாண்மை நிறுவனம் அது. பட்டறையில் எண்பது பேர் வரை, அலுவலகத்தில் ஆறு பேர். கணக்குப் பிரிவில் இரண்டே பேர்தான்: இருபது வருடமாக அங்கேயே இருக்கும் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் அம்மா ஒருவர், அவருக்கு ஓர் உதவியாளர். உதவியாளராக இருந்த பெண் திருமணமாகித் திருப்பூர் போய்விட்டதால் ஜூலைக் கடைசியில் அந்த இடம் காலியானது.

இந்த வேலையின் மாதக் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் நடந்தது புரியும். 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பிடித்தம் செய்த வருமான வரியைக் கட்ட வேண்டும். 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1. 15-ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20-ஆம் தேதிக்குள் வரியைக் கட்டி ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் போட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் இருப்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் வசதி இந்த நிறுவனத்துக்குக் கிடையாது. இரண்டு பேர் பார்த்துவந்த இந்த வேலையை ஆகஸ்டில் மேனேஜர் தனியாளாகப் பார்த்தார். ஆள் எடுக்கும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. இந்த அளவுள்ள நிறுவனங்களில் இதுதான் நடைமுறை. ஹெச்.ஆர். என்று தனியாக ஒருவர் இருக்க மாட்டார்.

விளம்பரமும் முதல் போனும்

ஆகஸ்ட் முதல் ஞாயிறன்று நாளிதழ் வரி விளம்பரத்திலும் வேலைவாய்ப்புத் தளம் ஒன்றிலும் அறிவிப்பு வந்தது. ‘பி.காம்., டேலி, ஜிஎஸ்டி தெரிந்தவர் தேவை. பயோடேட்டாவை மின்னஞ்சலில் அனுப்பவும்’ என்று போட்டு, வழக்கப்படி கீழே அலுவலக லேண்ட்லைன் எண்ணையும் சேர்த்திருந்தார்கள். யாரைக் கேட்க வேண்டும், எப்போது கூப்பிட வேண்டும் என்று எதுவும் இல்லை.

நூற்றுக்கும் மேல் பயோடேட்டா வந்தது. அனுப்பியவர்களில் பலர் மறுநாளே லேண்ட்லைனுக்கு அடித்து, “மெயில் வந்துச்சுங்களா?” என்று கேட்டார்கள். பெரும்பாலும் எடுத்தது வரவேற்பில் இருக்கும் பெண், மதிய வேளையில் வாட்ச்மேன். இருவருக்கும் அந்த மின்னஞ்சலைத் திறக்கும் வழி இல்லை. “வந்திருக்கும்ங்க, கூப்பிடுவாங்க” என்பதே எல்லோருக்கும் கிடைத்த பதில். யார் கூப்பிட்டார்கள் என்று எங்கும் குறித்து வைக்கவில்லை. மேனேஜர் பயோடேட்டாக்களைப் படித்துப் பிரித்தபோது எவர் போன் செய்தார், எவர் செய்யவில்லை என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் போன்களால் ஒருவருக்கும் லாபமுமில்லை, நஷ்டமுமில்லை. இந்த ஆய்வின் மையத்தில் இருக்கும் பெண்ணும் அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருவர்தான்.

நேர்முகம்

12-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை ஐந்து பேரை அழைத்தோம். ஜிஎஸ்டிஆர்-1 முடிந்த மறுநாள் என்பதால் மேனேஜரே தேர்ந்தெடுத்த தேதி அது. அழைப்பு அவருடைய சொந்தக் கைபேசியிலிருந்து வாட்ஸ்அப்பில் போனது.

அந்தப் பெண் பொள்ளாச்சி பக்கம். பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு வருடம் வேலை பார்த்தவர். உக்கடத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மேனேஜர் ஒவ்வொருவரிடமும் பத்துக் கொள்முதல் பில்களையும், சப்ளையர்கள் ரிட்டர்னில் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி அச்சுப்படி ஒன்றையும் கொடுத்து ஒப்பிடச் சொன்னார். 2பி-யில் இல்லாத இரண்டு பில்களை எல்லோருமே கண்டுபிடித்தார்கள். “இந்த மாசம் இதுக்கு இன்புட் (வாங்கும்போது கொடுத்த வரிக்கான கழிவு) எடுக்கக் கூடாதுங்க மேடம், சப்ளையர் ரிட்டர்ன் போட்டுட்டாரான்னு கேட்கணும்” என்று சரியாகச் சொன்னவர்கள் மூன்று பேர். இவர் இன்னும் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஒரு பில்லில் சப்ளையரின் ஜிஎஸ்டி எண் 32 என்று தொடங்கியது. அது கேரளாவின் எண். ஆனால் பில்லில் வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி போடாமல், உள்மாநில விற்பனை போல வரியை இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பிழை அங்கே இருப்பது மேனேஜருக்கே அப்போதுதான் தெரிந்தது. பில்லை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

இன்னொரு நல்ல விண்ணப்பதாரரும் இருந்தார். ஏழு வருட அனுபவம் உள்ளவர், வேறொரு பம்பு நிறுவனத்தில் இருக்கிறார், வேலையை விடுவதாகச் சொன்னபின் அங்கே இருக்க வேண்டிய நோட்டீஸ் பீரியட் 60 நாள்.

நேர்முகம் முடிந்து எழும்போது முதலாளி எல்லோரிடமும் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: “ஒரு வாரத்துல சொல்றோம்.” ஆள் தேர்வில் வழக்கமாகச் சொல்வது, யோசித்துச் சொன்னதல்ல. கேட்டவருக்கோ அது ஒரு தேதி. 19-ஆம் தேதி.

20-ஆம் தேதி

19-ஆம் தேதி ஒன்றும் போகவில்லை. மேனேஜருக்கு நினைவில்லை, முதலாளி ஊரில் இல்லை.

20-ஆம் தேதி புதன்கிழமை, ஒரு தொழிலாளியின் இ.எஸ்.ஐ. விபத்து அறிக்கைக்காக நான் அந்த அலுவலகத்தில் இருந்தேன். மேனேஜர் 3பி போட உட்கார்ந்திருந்தார். கடைசி நாள் என்பதால் போர்ட்டல் திறக்கவே நேரம் பிடித்தது. அந்த நிறுவனத்தின் ஜிஎஸ்டி ஓடிபி வருவது மேனேஜரின் கைபேசிக்குத்தான். கால்குலேட்டருக்குப் பக்கத்தில் அது கிடந்தது. ஓடிபி வருமென்று அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கிரெடிட் கார்டு விற்பவர்கள் என்று நினைத்துத் துண்டித்தார். உடனே மறுபடி அடித்தது, மறுபடி துண்டித்தார். மூன்றாவது முறை அடித்தபோது போர்ட்டல் செஷன் முடிந்து, முதலிலிருந்து லாகின் செய்ய வேண்டியதாகிவிட்டது. மூன்றாவது அழைப்புக்குப் பின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: “மேடம், ப்ளீஸ் போன் எடுங்க. அர்ஜென்ட்.” பெயரும் இல்லை, விஷயமும் இல்லை. நேர்முக அழைப்பு அனுப்பிய பழைய உரையாடலை மேலே தள்ளிப் பார்த்த பிறகுதான் யாரென்றே தெரிந்தது.

“கணக்கு வேலைக்கு வர்ற பொண்ணுக்கு இருபதாம் தேதி என்னன்னு தெரியாதா?” என்றார் மேனேஜர். கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதில் அதிகம். அந்தப் பில்லைக் கண்டுபிடித்த பெண் என்பதால்.

மாலையில் அடுத்தது நடந்தது. பவுண்டரி சூப்பர்வைசரின் கைபேசியிலிருந்து முதலாளிக்கு ஒரு போன். பேசியது அந்தப் பெண்ணின் மாமா. சூப்பர்வைசரும் அவரும் ஒரே ஊர்க்காரர்கள். “ஏனுங்க, நம்ம புள்ளைங்க. கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க” என்றிருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எங்கள் பக்கம் நாலு தலைமுறையாக வேலை வாங்கித் தந்த முறை அது. ஆனால் முதலாளிக்குச் சிபாரிசு பிடிக்காது. சிபாரிசில் எடுத்த ஒருவரை அனுப்ப முடியாமல் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். “வர்றதுக்கு முன்னாடியே இத்தனை போன்னா, வந்ததுக்கு அப்புறம்?” என்று அன்றே அந்தப் பெயரைத் தள்ளிவிடச் சொன்னார்.

எடுத்த முடிவும் காரணமும்

22-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மூவரும் உட்கார்ந்தோம். அனுபவஸ்தரையே எடுத்துவிடலாம் என்று முதலாளியும் மேனேஜரும் ஏறக்குறைய முடிவாகவே இருந்தார்கள். அந்தப் போன்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்று சொன்னது நாம். ஒரு வாரம் முடிந்த மறுநாள் காலையில் அவர் கூப்பிட்டது அவசரமல்ல. தேதியை நினைவில் வைத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். கணக்கு வேலையில் அது குணம், குறையல்ல. அடுத்தடுத்து அடித்தது தவறுதான். ஆனால் “அர்ஜென்ட்” என்று எழுதியிருக்கிறாரே, என்ன அர்ஜென்ட் என்று இந்த இரண்டு நாளில் நாம் யாரும் கேட்கவில்லை. மாமா பேசியது அவருக்குத் தெரிந்து நடந்ததா என்பதும் தெரியாது. பில் தேர்வில் ஐவரில் முதலாக வந்தவரை, காரணம் கேட்காமல் தள்ளுவது நிறுவனத்துக்குத்தான் நஷ்டம்.

மேனேஜர் இதை ஓரளவு ஏற்றார். முதலாளி யோசித்துவிட்டு, “சரி, நீங்களே கேட்டுப் பாருங்க. இல்லைன்னா அந்த அனுபவஸ்தரைக் கூப்பிடுங்க” என்றார். அப்போதே அங்கிருந்தே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

அந்தப் பெண்ணின் பக்கம்

உடுமலைப்பேட்டையில் உள்ள ஒரு நூற்பாலையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. சம்பளம் இங்கே பேசியதைவிடக் கொஞ்சம் குறைவு. 20-ஆம் தேதி மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றிருக்கிறார்கள். பம்பு கம்பெனியில் சேரத்தான் அவருக்கு விருப்பம். மேனேஜர் அந்தப் பில்லைப் பார்த்த விதத்தில், இங்கே வேலை கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியதாம். அதனால்தான் அந்த மாலைக்குள் ஒரு வார்த்தை கேட்டுவிட நினைத்திருக்கிறார்.

20-ஆம் தேதி என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆடிட்டர் அலுவலகத்தில் அந்த நாளில் மதியத்துக்கு மேல்தான் நெருக்கடி வருமாம். அதனால் காலையிலேயே கேட்டுவிட்டால் தொந்தரவு இருக்காது என்று கணக்குப் போட்டிருக்கிறார். “துண்டிச்சதும் கை தவறி கட் ஆயிடுச்சோன்னு நினைச்சேங்க சார்” என்றார்.

சரி, விஷயத்தை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “வேற கம்பெனியில கூப்பிடறாங்கன்னு எழுதினா மிரட்டற மாதிரி இருக்கும்ன்னு அக்கா சொன்னாங்க” என்றார். மாமா பேசியது அவருக்குத் தெரியாது. வீட்டில் அம்மா புலம்பியதைக் கேட்டு மாமா தானாகச் செய்தது அது. மாமா பேசியதை நான் சொன்னதும் அவர் குரல் உடைந்துவிட்டது.

21-ஆம் தேதி காலை நூற்பாலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். அதை மாற்றிக்கொள்ளவா என்று என்னையே கேட்டார். எங்கள் பக்கம் இன்னும் கையில் கடிதம் இல்லாத நிலையில், ஒத்துக்கொண்ட வேலையை விடச் சொல்வது நியாயமில்லை என்று சொன்னேன்.

இந்த உரையாடலைக் கேட்டபின் எனக்கு உறுதியான ஒன்று: அந்தப் போனில் நிறுவனத்துக்குத் தேவையான தகவல் இருந்தது. “நேர்முகத்துக்கு வந்த இன்னார். வேறு இடத்தில் இன்று மாலைக்குள் பதில் கேட்கிறார்கள். எனக்கு உங்களிடம் சேரத்தான் விருப்பம். முடிவு எப்போது தெரியும்?” இந்த நாலு வரி அந்தக் காலையில் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் மேனேஜர் முதலாளியைக் கூப்பிட்டிருப்பார். மேனேஜரே இதை என்னிடம் சொன்னார். அது மிரட்டல் ஆகாது. ஆள் எடுப்பவர்கள் இரண்டு பெயருக்கு நடுவில் தயங்கும்போது, ஒருவர் நாளைக்குக் கிடைக்க மாட்டார் என்பதைவிட முக்கியமான செய்தி கிடையாது. பணிவு என்று நினைத்து நம் பிள்ளைகள் அதை மறைத்துவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

பிறகு நடந்தது

25-ஆம் தேதி அனுபவஸ்தருக்கு ஆஃபர் லெட்டர் போனது. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றார், ஒப்புக்கொண்டார்கள். தீபாவளிக்குப் பிறகு போன் எடுக்கவில்லை. அவருடைய நிறுவனம் சம்பளத்தை உயர்த்தி அங்கேயே வைத்துக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது. நோட்டீஸ் பீரியட் நீளமாக உள்ளவர்களிடம் இது அடிக்கடி நடக்கிறது. இதற்குள் செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாத ரிட்டர்னையும் மேனேஜர் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து தனியாகவே போட்டு முடித்திருந்தார்.

நூற்பாலையில் அந்தப் பெண் நன்றாக இருக்கிறார். பஸ் வசதி அங்கேதான் அவருக்குச் சுலபம்.

மாற்றியவை

நவம்பரில் மறுபடி விளம்பரம் கொடுத்தபோது மேனேஜரே சில மாற்றங்களைச் சொன்னார். லேண்ட்லைன் எண்ணை எடுத்துவிட்டு, ஆள் தேர்வுக்கென ஒரு கைபேசி எண். மாலை 4 முதல் 5 மணிக்குள் கூப்பிடலாம், மற்ற நேரத்தில் வாட்ஸ்அப் அனுப்பலாம். நேர்முகத்துக்கு வந்தவர்களுக்கு முடிவு எந்தத் தேதியில் தெரியும் என்று எழுதியே கொடுத்துவிடுவது. ஆம், இல்லை எதுவானாலும் அன்று செய்தி போய்விடும். ஓடிபி வரும் எண்ணையும் விண்ணப்பதாரர்கள் கையில் கொடுப்பதில்லை.

போன்கள் வந்தன. குறித்து வைத்ததைப் பார்த்தால், பெரும்பாலும் மூன்றே கேள்விகள்: சம்பளம் எவ்வளவு, சனிக்கிழமை லீவா, கணபதிக்கு எந்த பஸ். விளம்பரத்திலேயே சொல்லியிருக்க வேண்டியவை. அடுத்த வாரமே சேர்த்துவிட்டோம். ஒருவர் மட்டும், “கணக்கு மட்டும்தானா, ஸ்டோர்ஸ் இருப்பும் பார்க்கணுமாங்க?” என்று கேட்டார். உண்மையில் மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கவும் உட்கார வேண்டும். அதை யாரும் எழுதவில்லை. அவருடைய பெயருக்கு எதிரே மேனேஜர் ஒரு டிக் போட்டார். ஆனால் பில் தேர்வில் அவர் தேறவில்லை. கடைசியில் எடுத்தது, ஆரம்பத்திலிருந்து ஒருமுறைகூடப் போன் செய்யாத ஒரு பெண்ணை.

விண்ணப்பிப்பவர்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள

இந்த ஒரு நிகழ்வை வைத்து எல்லா இடத்துக்கும் சட்டம் போட முடியாது. குறிச்சி சிட்கோ பக்கம் சின்னப் பட்டறைகள் தரும் விளம்பரத்தில் போன் எண் மட்டும்தான் இருக்கும். அங்கே போன் செய்யாவிட்டால் விண்ணப்பிக்கவே இல்லை என்று பொருள். பெரிய ஐடி நிறுவனங்களில் விண்ணப்பம் போர்ட்டல் வழியாகப் போகிறது. பொது எண்ணுக்கு அடித்தால் முடிவெடுப்பவர் பக்கத்தில்கூடப் போக முடியாது. அங்கே நேர்முகம் ஏற்பாடு செய்த ரெக்ரூட்டருக்கு மின்னஞ்சல்தான் வழி. டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதியவர்கள் பதிவெண்ணை வைத்து இணையதளத்தில் பார்க்க வேண்டியதுதான்.

நடுவில் இருக்கும் இந்த மாதிரி நிறுவனங்களில்தான் போன் வேலை செய்யும், கெடுக்கவும் செய்யும். நேர்முகம் முடிந்து எழும்போதே, “எந்தத் தேதிக்குள்ள தெரியும்ங்க? தெரியலைன்னா யாரைக் கேட்கலாம்?” என்று கேட்டுவிடுவது நல்லது. தேதி தாண்டியபின், பெயரும் பதவியும் நேர்முகத் தேதியும் போட்டு ஒரு செய்தி அனுப்பி, பேச வசதியான நேரம் கேட்கலாம். எடுக்காவிட்டால் அன்றைக்கு மறுபடி அடிக்க வேண்டாம். கணக்கு வேலை என்றால் 7, 11, 15, 20 தேதிகளை விட்டுவிடுங்கள். உங்களுக்காக மாமாவோ அப்பாவோ பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கறையில் செய்தாலும், தேர்வில் நீங்கள் வாங்கிய மதிப்பெண்ணை அது மறைத்துவிடுகிறது.

தயங்காமல் போன் செய்ய வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது. நேர்முகமே இல்லாமல் ஆஃபர் லெட்டர் வந்து, டெபாசிட், டிரெயினிங் கட்டணம் என்று பணம் கேட்டால், அந்தக் கடிதத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு விசாரியுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

இன்னும் பாக்கி

நேர்முகத்துக்கு வந்த எல்லோருக்கும் இப்போது பதில் போகிறது. பயோடேட்டா அனுப்பி, நேர்முகத்துக்கு அழைக்கப்படாதவர்களுக்கு இன்னும் போவதில்லை. நூறு பேருக்கு யார் உட்கார்ந்து அனுப்புவது என்கிறார் முதலாளி. ஒரே செய்தியை மின்னஞ்சலில் மொத்தமாக அனுப்பிவிடலாம், “மெயில் வந்துச்சுங்களா” போன்களும் பாதியாகக் குறையும் என்று நானும் மேனேஜரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மார்ச்சில் ஸ்டோர்ஸுக்கு ஆள் எடுக்கும்போது செய்து பார்க்கலாம் என்றிருக்கிறார்.